ஜன்னலோரத்து ஆறு டைல்ஸ்

அவருக்குச் சீப்பு என்று பட்டப்பெயர் வந்த காலத்திலேயே தலையில் முடி குறைவுதான். ஐம்பத்திரண்டு வயதில் இப்போது மொத்தமாகவே போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், வழுக்கைத் தலையரைப் போய் இப்படிக் கூப்பிடுகிறார்களே, இந்தத் தெருக்காரர்களுக்கு எவ்வளவு நக்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். தெருக்காரர்களுக்கு நக்கல் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெயருக்குக் காரணம் தலை அல்ல, கை.

டைல்ஸ் ஒட்டுகிறவர்களிடம் பல்லுக் கரண்டி என்று ஒன்று இருக்கும். அதன் ஒரு விளிம்பு மழமழவென்றும் இன்னொரு விளிம்பு பல் பல்லாகவும் இருக்கும். கான்கிரீட் தளத்தின் மேல் பசையை மழமழப்பான விளிம்பால் அழுத்தித் தேய்த்துவிட்டு, பல் விளிம்பால் இழுத்தால் வாரிய தலை மாதிரி கோடு கோடாக எழும்பும். அந்தக் கோடுகளின் மேல் டைல்ஸை வைத்து, கொஞ்சம் அசைத்து அழுத்தினால் கோடுகள் படுத்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். உள்ளே இருக்கிற காற்று ஓரத்தால் வெளியே போய்விடும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் ஊரில் பாதிப் பேர் கோடு போடமாட்டார்கள், அவசரத்தில் வட்ட வட்டமாகச் சுழற்றிவிட்டுப் போவார்கள். வட்டத்துக்குள் காற்று மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி ஏது? நம்மவர் அப்படியில்லை. நேர்க்கோடு, அதுவும் ஒரே திசையில். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு அம்மா தலை வாரிவிடுகிற பொறுமையோடு வாருவார். அதைப் பார்த்துவிட்டு ஒரு கொத்தனார் வைத்த பெயர்தான் சீப்பு.

ஒட்டுவது அவர் தலையில் எழுதியிருந்தது என்றே தோன்றும். பதினாறு வயதில் பைண்டிங் கடையில் நோட்டு முதுகுக்குப் பசை தடவினார். பிறகு நாலைந்து வருஷம் ஏணியும் வாளியுமாகச் சுவரில் போஸ்டர் ஒட்டினார். மழை பெய்தால் எல்லாம் உரிந்து தெருவில் கிடக்கும். தான் ஒட்டியதைத் தானே மிதித்துக்கொண்டு நடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மழைக்கும் உரியாதது எதையாவது ஒட்டவேண்டும் என்று தேடிக்கொண்டு போய் டைல்ஸில் வந்து நின்றார். அதுவும் மிதிக்கத்தான், ஆனால் இது மரியாதையான மிதி என்பார். அவர் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். "ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் ஒட்டுறார், வீட்ல மட்டும் ஒட்டமாட்டார்" என்பாள். வேலை வேலை என்று ஊர் ஊராகப் போய்விடுகிற மனுஷனை வேறு என்னதான் சொல்வது?

அப்படிப்பட்டவர், நாலு மாதமாகப் பல்லுக் கரண்டியைக் கையால் தொடவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒட்டுகிற வேலைக்கு இல்லை, உடைக்கிற வேலைக்கு. பழைய தரையைப் பெயர்த்துக் கொடுப்பார், குப்பையை அள்ளிக் கொடுப்பார், தளத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கிக் கொடுப்பார். "அண்ணே, நீங்களே ஒட்டிடலாமே" என்று மேஸ்திரிகள் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லிவிடுவார். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுச் சம்மட்டி அடிக்கிறவருக்கு, முட்டி போட்டு டைல்ஸ் வைக்க மட்டும் முழங்கால் வலிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. 

உண்மைக் காரணம் அவருடைய அக்காவின் வலது மணிக்கட்டு.

நாலு வருஷத்துக்கு முன் அக்கா வீட்டு ஹாலுக்கு டைல்ஸ் ஒட்டியது அவர்தான். நீளமான ஹால், மேற்கே பெரிய ஜன்னல். மூன்றே முக்கால் வருஷம் ஒரு குறையும் இல்லாமல் கிடந்த தரை, நாலு மாதத்துக்கு முன் ஒரு மதியவேளையில், வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து படுத்திருந்த நேரத்தில், படாரென்று வெடித்து நடுவில் கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது. எதிரெதிரே இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒரு ஜாண் உயரத்துக்கு நின்றதாம். உள்ளறையில் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த அக்கா, கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். எழும்பி நின்ற விளிம்பு காலில் இடித்தது. விழும்போது கையை ஊன்றினாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

அக்கா தையல்காரி. கத்தரி பிடிக்கிற கை அது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதை அவிழ்த்த பிறகு பார்த்தால் கை மரக்கட்டை. விரலை மடக்கச் சொன்னால் பாதிதான் மடங்கும். ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். சீப்பு பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா பந்தை அமுக்கிக்கொண்டு, வந்தாயா சாப்பிட்டாயா என்று வழக்கம்போலத்தான் பேசினாள். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பார். அக்காவின் கணவர், அதாவது மாமா, அதற்கும் மேலே. "வா" என்பார், பிறகு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அந்தப் பேப்பருக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று சீப்புக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குள் ஒரு முள் இருந்தது. அதை மனைவியிடம்கூட எடுத்துக் காட்டியதில்லை.

டைல்ஸ் ஒட்டிய அன்று மதியம், ஜன்னல் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில், கடைசியாகப் பாக்கியிருந்த ஆறு டைல்ஸுக்கு வேண்டிய பசையைத் தளத்தில் வாரிவிட்டார். அந்த நேரம் பார்த்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது தடவை கரண்டியைப் பிடுங்கிக்கொண்டே போய்விட்டாள். பசையைத் தரையில் வாரியபின் இருபது நிமிஷத்துக்குள் டைல்ஸை வைத்தாகவேண்டும். விட்டால், ஆறின பாலில் ஆடை படிவது மாதிரி பசையின் மேல் ஒரு தோல் படிந்துவிடும். அதன் மேல் டைல்ஸை வைத்தால் பார்ப்பதற்கு ஒட்டின மாதிரியே இருக்கும், ஆனால் ஒட்டாது. அதனால்தான் வைக்கும் முன் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பசை விரலில் வந்தால் வைக்கலாம், வராவிட்டால் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி போடவேண்டும்.

தொட்டுப் பார்த்தேனா? நாலு மாதமாக அவரைக் குடைந்த கேள்வி இது ஒன்றுதான். சாப்பிட்டது ஞாபகம் இருந்தது. போதும் போதும் என்று சொல்லியும் அக்கா தட்டில் இன்னும் போட்டது ஞாபகம் இருந்தது. திரும்பி வந்து முட்டி போட்டு அந்த ஆறையும் வைத்ததும் ஞாபகம் இருந்தது. நடுவில் விரலை வைத்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. மறுநாள் விடிகாலையிலேயே வெளியூரில் ஒரு பெரிய கட்டட வேலைக்குக் கிளம்பிவிட்டார், அங்கே மூன்று மாதம். காய்ந்தபின் வந்து, அடியில் வெற்றிடச் சத்தம் கேட்கிறதா என்று தட்டிப் பார்க்கவும் இல்லை. சுவரடியில் வைக்கிற ஸ்கர்ட்டிங் பட்டை அன்றைக்கு வந்து சேராததால், அதை நானே ஒட்டிக்கொள்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார். ஆக, அந்த ஆறு டைல்ஸ் என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. பிடிமானம் இல்லாத ஆறு பக்கத்தில் இருந்தால் நடுவரிசை எழும்பாமல் என்ன செய்யும்? தன் கையால் தன் அக்கா கையை முறித்துவிட்டோம் என்று முடிவு கட்டினார். அப்படிப்பட்ட கை இனி ஒரு வீட்டிலும் டைல்ஸ் ஒட்டவேண்டாம் என்றும் சேர்த்து முடிவு கட்டினார்.

இந்த நிலையில்தான் அக்கா போன் செய்தாள்.

"டேய், எத்தனை நாளைக்குப் பலகையப் போட்டு மூடி வச்சுக்கிட்டு நடக்கறது? வந்து பழசைப் பேத்துட்டுப் புதுசா போட்டுக் குடு."

"பேத்துத் தரேன்க்கா. ஒட்டுறதுக்கு வேற ஆள் ஏற்பாடு பண்றேன். எனக்கு முழங்கால் சரியில்ல."

 "சரி, வா" என்றாள்.

அவர் ஏற்பாடு செய்த ஆள் யார் தெரியுமா? வட்டக்காரர். பக்கத்துப் பேட்டையில் இருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் பசையைச் சுழற்றிச் சுழற்றி வட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஜிலேபி போடுகிறார் என்று சீப்பே இருபது வருஷமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்த ஆள். அவரிடம் போய், திங்கட்கிழமை என் அக்கா வீட்டு ஹாலுக்கு வர முடியுமா என்று கேட்கும்போது சீப்புக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன் கையைவிட அந்த வட்டமே தேவலை என்று நினைக்கிற அளவுக்கு மனுஷன் இறங்கிப்போயிருந்தார்.

சனிக்கிழமை காலை உளி, சம்மட்டி, சாக்குகளோடு போய் இறங்கினார். மாமா ஏற்கனவே ஹாலைக் காலி செய்து வைத்திருந்தார். அவர் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எதையும் திறந்து போட்டு வைப்பது பிடிக்காது. உள்ளறைக் கதவுகளின் இடுக்கில் தூசி போகாமல் ஈரத்துணி திணித்திருந்தார். சுவிட்ச் பலகைக்கு டேப். பூட்டின் சாவித் துவாரத்துக்குக்கூடக் காகிதம். அந்த வீட்டில் கொசு நுழைவதென்றால் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழையவேண்டும்.

"வா" என்றார் மாமா. பிறகு, "ஸ்கர்ட்டிங்கை மட்டும் உடைச்சிடாதே. முழுசா எடுத்தா திரும்ப வச்சுக்கலாம்" என்றார். நாலு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான். தான் ஒட்டிய பட்டை, அதில் ஒரு பாசம் இருக்காதா?

"சரிங்க மாமா, கடைசியா எடுக்கறேன்."

பலகையை நகர்த்தினார். எழும்பிய டைல்ஸை எல்லாம் அன்றைக்கே அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பசையும் அதோடு பெயர்ந்து போய் வெறும் கான்கிரீட் தெரிந்தது, அதைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அது நாலாவது வரிசை. பக்கத்திலேயே மூன்றாவது வரிசை அப்படியே கிடந்தது. அவருடைய ஆறு டைல்ஸ், வரிசையாக, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி.

அவர் அவற்றை விட்டுவிட்டு மற்ற பக்கமெல்லாம் பெயர்த்தார். வாசல் பக்கம், அறை பக்கம், எல்லாம். ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் நிறப் பசை ஒழுங்காக, நேர்க்கோடு படுத்த தடத்தோடு இருந்தது. அதைப் பார்க்கச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. இங்கெல்லாம் ஒழுங்காகச் செய்தவன் அங்கே மட்டும் ஏன் சொதப்பினாய் என்றுதான் மனம் இடித்தது. பதினோரு மணிக்கு டீ வந்தது. பன்னிரண்டு மணிக்கு இனிமேல் பெயர்க்க வேறு இடம் இல்லை.

அந்த ஆறில் முதலாவதன் விளிம்பில் உளியை வைத்தார்.  ஒட்டாத டைல்ஸ் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு தட்டு, ஒரு நெம்பு, அப்பளம் மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிடும், அடிப்பக்கம் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே பளிச்சென்று இருக்கும். அதைப் பார்க்கத் தயாராகிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார்.

வரவில்லை.

பலமாக அடித்தார். மூலை மட்டும் சில்லாகத் தெறித்தது. மீதி அசையவில்லை. உளியை மாற்றிச் சாய்த்து வைத்து, சம்மட்டியை ஓங்கி நாலு போடு போட்டார். இன்னொரு சில்லு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, கிழங்கு தோண்டுகிற மாதிரி. முதல் டைல்ஸை எடுத்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மற்ற இடத்தில் இந்த நேரத்துக்கு எட்டு எடுத்திருப்பார். தான் செய்த வேலையே தன்னோடு இப்படி மல்லுக்கட்டுகிறதே என்று எரிச்சல்படவேண்டியவர், உள்ளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்காருவதை உணர்ந்தார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை எடுத்தபோது ஒரு பெரிய துண்டு தப்பிப் பிழைத்து வந்தது. திருப்பிப் பார்த்தார்.

அடிப்பக்கம் முழுவதும் பசை. மூலைக்கு மூலை, இம்மி இடம் விடாமல். ஆனால் அது சாம்பல் நிறமில்லை, வெள்ளை.

குனிந்து தளத்தைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு ஒன்று, கரண்டியின் விளிம்பால் வறட் வறட்டென்று சுரண்டிய கீறல்களோடு இருந்தது. அதன் மேலே வெள்ளை. மற்ற மூன்றையும் உடைத்துப் பார்த்தார். ஆறின் அடியிலும் அதே வெள்ளை, அதே கீறல். வேறெங்கும் இல்லை.

"அக்கா!" என்று கத்தினார். கத்திய கத்தலில் மாமாவின் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது.

அக்கா பந்தோடு ஓடிவந்தாள். "என்னடா, அடிபட்டுச்சா?"

"இங்க ஏன்க்கா வெள்ளையா இருக்கு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுக்கா இந்தக் கத்தல்? அன்னிக்குச் சாப்பிட்டு வந்து விரலை வச்சுப் பாத்துட்டு, போச்சு போச்சு எல்லாம் காஞ்சுபோச்சு, உன்னாலதான்னு என்னை அந்தத் திட்டுத் திட்டினியே, மறந்துட்டியா? எல்லாத்தையும் சுரண்டிப் போட்டே. நான்தான் கூட்டி அள்ளினேன். அப்புறம் புது மூட்டை பிரிச்சா, கடைக்காரன் வெள்ளைய மாத்தி அனுப்பியிருந்தான். என்னடா மாவு பூசறியான்னுகூடக் கேட்டேன்."

கேட்டாள். ஆமாம், கேட்டாள். மாவு பூசறியா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அன்றைய மதியம் முழுவதும் அவருக்குத் திரும்பி வந்தது. விரலில் பசை வராமல் போனது, வந்த கோபம், சுரண்டியது, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டது, எல்லாம். செய்த தவறை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த மூளை, அதைத் திருத்தியதை எங்கே கொண்டுபோய்த் தொலைத்தது? மனுஷ மனம் இருக்கிறதே, அதைப்போல ஒரு ஓரவஞ்சனைக்காரியை எங்கும் பார்க்க முடியாது.

அவர் அப்படியே உடைசல்களின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். நாலு மாதமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது, தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். தூசியும் இருந்தது, பொய்யில்லை.

"அப்போ ஏன் எழும்பிச்சு?" என்றார் தனக்குத்தானே. பயம் போனபிறகுதான் அவருக்குள் இருந்த வேலைக்காரன் விழித்துக்கொண்டான். பசை சரி. தளம் சரி. பின்னே என்ன?

எழுந்து சுவரோரம் போய் ஸ்கர்ட்டிங் பட்டை ஒன்றை நெம்பி எடுத்தார். அதன் பின்னால் பார்த்ததும் புருவம் சுருங்கியது. அடுத்ததை எடுத்தார். அடுத்ததையும். சுவருக்கும் தரைக்கும் நடுவில் கெட்டிச் சிமெண்ட், இரும்பு மாதிரி. ஹாலைச் சுற்றி நாலு பக்கமும் அப்படியே.

அந்த இடத்தில் அவர் சுண்டுவிரல் அகலத்துக்குச் சந்து விட்டுப் போயிருந்தார். ஓரத்து டைல்ஸ் எதுவும் சுவரைத் தொடக்கூடாது. வெயிலில் தரை கொஞ்சமே கொஞ்சம் விரியும், அதற்கு நகர இடம் வேண்டும். சந்து வெளியே தெரியாமல் ஸ்கர்ட்டிங் பட்டை மூடிக்கொள்ளும். சந்தை அடைத்துவிட்டால் விரிகிற தரை எங்கே போகும்? நாலு பக்கமும் சுவர் நெட்டித் தள்ள, நடுவில் எழும்பத்தான் செய்யும், எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும்.

"மாமா, இதை யாரு அடைச்சது?"

மாமா எழுந்து வந்தார். சிமெண்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், அக்கா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். அக்கா டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போயிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான். நீ ஊருக்குப் போன மறுநாள், பட்டை ஒட்டலாம்னு குனிஞ்சு பாக்கறேன், சுத்தி சந்து. டைல்ஸைச் சின்னதா வெட்டிட்டே போல, அளவு தப்பிடுச்சு. உன் அக்காவுக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. உனக்கு எதுக்கு அந்த அவமானம்னு, அவ தூங்கற நேரமா பாத்து நானே சிமெண்ட் கலந்து அடைச்சு, மேல பட்டையை வச்சு மூடிட்டேன். இன்னிவரைக்கும் ஒருத்தர்கிட்ட மூச்சு விடல. தரை வெடிச்சப்பகூட, நீ வேலையில கோட்டை விட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா அதை உன் முகத்துக்கு நேரா சொல்லுவேனா? சொல்ல மனசு வருமா?"

 அந்தப் பேப்பர், அந்த ஒற்றை "வா", அந்த முகம் மறைப்பு. கோபம் என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் தன் மானத்தைக் காப்பாற்றுகிற பாடு! மனுஷன் நாலு வருஷமாக ஒரு ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறார், அந்த ரகசியமே தரையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு? தப்பு பண்ணினது நீ, சிரிக்கறதும் நீயா?"

"ஒண்ணுமில்ல மாமா." சிரிப்பு அங்கேயே நின்றது. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று அப்போதுதான் உறைத்தது. தான் நாலு மாதம் சுமந்ததை இறக்கி இவர் தலையில் வைப்பதா? "ஒண்ணுமில்ல, விடுங்க."

ஆனால் ஸ்டோர் கீப்பரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? "சந்து வேணும்னே விட்டதா?" என்றார் மாமா மெதுவாக. சீப்பு உளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மாமா விடவில்லை. "எதுக்கு விடுவாங்க? சொல்லு."

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். தரையைப் பற்றி அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"விரியறதுக்கு மாமா. வெயில்ல தரை விரியும். அதுக்கு ஓரத்துல இடம் விடணும். ஆனா எதுக்கு விட்டேன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். அது என் தப்பு."

மாமா சிமெண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பக்கத்திலிருந்த சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்தார். "அப்போ அவ கை…" என்றார்.  சீப்புக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்தான் அது.

"என்ன ரெண்டு பேரும் சாவு விழுந்த வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். எதையும் மறைக்க இருவருக்கும் தெம்பு இல்லை. மாமா சந்து அடைத்ததைச் சொன்னார். சீப்பு ஆறு டைல்ஸைச் சொன்னார், முழங்கால் வலி பொய் என்பதையும் சொன்னார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுது, இல்ல என்னுது என்று ஏலம் விட்டார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பந்தை ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"ஒருத்தர் என்னடான்னா அவமானம்னு நாலு வருஷம் வாயைத் திறக்கல. இன்னொருத்தன் குத்தம்னு நாலு மாசம் வாயைத் திறக்கல. சாப்பிட்டு வந்து என்னடா பண்ணேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே! எனக்குக் கைதான் போச்சு. உங்க ரெண்டு பேருக்கும் வாயே போச்சு." வலது கையை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி விரல்களை மடக்கினாள். முழுசாக இல்லை, முக்கால்வாசி. "பாருங்க. நேத்து கத்தரியைப் பிடிச்சேன். கோணலா வெட்டினேன், ஆனா வெட்டினேன். கை வந்துருச்சு. இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசக் கத்துக்கோங்க."

மாமா கண்ணைத் துடைத்தார். அவர் தூசி என்றுகூடச் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை யாரோ வரான்னியே, யாரு அவன்?" என்றாள் அக்கா தம்பியிடம்.

சீப்பு வட்டக்காரரைச் சொன்னார். "அந்த ஜிலேபியா?" என்றாள் அக்கா. சீப்பு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"திங்கக்கிழமை வரவேண்டாம்ப்பா, அக்கா வீட்டு வேலைக்கு."

"ஏன்ண்ணே, வேற ஆள் பாத்தாச்சா?"

"ஆமா."

"யாரு?"

"நான்தான். நானே ஒட்டப்போறேன்."

அந்தப் பக்கம் நன்றாகவே கேட்டுவிட்டது. ரொம்ப சந்தோஷம்ண்ணே என்று சொல்லியும் ஆயிற்று. இருந்தாலும் சீப்பு போனை வைக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

"நானே ஒட்டப்போறேன்."